ஆனைக்கிணற்றில் போய்ச் சேராத கேள்விகள்

ஆனைக்கிணற்றில் கேள்விகள் போய்ச் சேராமல் நின்றுபோனது மாசி மாதத்து ஏதோ ஒரு வாரத்தில்தான் என்று பிற்பாடு எல்லோருமாக உட்கார்ந்து நாள் எண்ணிச் சொன்னார்களே தவிர, அது நடந்துகொண்டிருந்த முதல் நாற்பது நாளும் ஊரில் ஒருவருக்குக்கூட அது தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் என்றைக்கும் கேட்கிற கேள்வியையேதான் கேட்டார்கள், என்றைக்கும் வருகிற பதிலேதான் வந்தது. நல்லா இருக்கியளா என்று கேட்டால் இருக்கோம் என்று வந்தது. சாப்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று வந்தது. பதிலைச் சொன்னது எதிரே நின்ற ஆளா, அல்லது என்றைக்கோ கேட்டதை எடுத்து வைத்துக்கொண்ட சொந்தக் காதா என்று யார் பார்த்தார்கள்?

முதலில் தடுமாறியது மரக்கடை அருணாசலம். தென்காசி கோர்ட்டில் அவருக்கு ஒரு வாய்தா இருந்தது. பேருந்து நிலையத்தில் போய் நின்று, டைம் கீப்பரைப் பார்த்து, "தென்காசி பஸ் போயிட்டா?" என்று கேட்டார். "இப்பத்தான் போச்சு" என்று காதில் விழுந்தது. மறுநாளும் போய்க் கேட்டார், மறுநாளும் இப்பத்தான் போச்சு. இப்படி ஒன்பது நாள், கண்ணுக்கு நேரே தென்காசி வண்டி நிற்க, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தென்காசி தென்காசி என்று தொண்டை கிழியக் கத்த, அருணாசலம் மட்டும் காதை நம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தார். பங்குனியில் பால்ராஜ் என்பவன், தட்டில் சாளை மீன் குழம்பு கிடக்க, "என்ன கொழம்பு?" என்று கேட்டு, "புளிக்கொழம்பு" என்று காதில் வாங்கி, பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று மூன்று நாள் சண்டை போட்டான். அவள் வீடே அதிரச் சொன்னாள்: "நீ எங்க வாயத் தொறந்து கேட்ட? சோத்த பாத்துட்டு ஒரு நிமிசம் சும்மா இருந்த, பெறவு வையுத!"

அவள் சொன்னதுதான் நிஜம், ஆனால் அவளை யாரும் அப்போது நம்பவில்லை.

அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தில் ஆவுடைச்செல்வி என்றொரு பெண் கணினி வேலை பார்த்தாள். முப்பது வயது, தாயில்லாதவள், அப்பாவோடு கீழத்தெருவுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தாள். அப்பா வெள்ளைத்துரைதான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியை சைக்கிளில் சாய்த்துக் கட்டிக்கொண்டு, விடியலில் ஐந்து மணிக்குக் கிளம்பி, தெருவுக்குத் தெரு தரைக்குள் இருக்கிற வால்வைத் திருகித் திறந்து, திருகி மூடி, ஆறே காலுக்கு வீடு திரும்புவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் திறந்தேன் என்று சொல்லித் திறக்காமல் இருந்ததில்லை, திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு எவனுக்காவது கள்ளத்தனமாகத் திறந்ததும் இல்லை. தண்ணீருக்குக் குடம் தூக்கி அடித்துக்கொள்கிற ஊரில் அது எவ்வளவு பெரிய பேர் என்று வெளியூர்க்காரருக்குச் சொன்னால் விளங்காது.

ஆவுடை அப்பாவுக்காகவே ஒரு இணையப் பக்கம் செய்தாள். இன்றைக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்று யார் வேண்டுமானாலும் போனில் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைத்துரை வால்வைத் திறந்ததும், விரலெல்லாம் கிரீசாக இருக்கும் என்பதால் விரல் மூட்டால் போனை ஒரு தட்டுத் தட்டுவார், 'திறந்தாச்சு' என்று அலுவலகத்து சர்வரில் போய் ஏறும், அங்கிருந்து ஊர்க்காரர்களின் போனுக்கு வரும். அந்த மூட்டுத் தட்டலில் அவருக்கு அத்தனை பெருமை. மகள் செய்தது என்று டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

அந்தப் பக்கத்தில் ஆவுடை ஒரே ஒரு வரியை எழுத மறந்திருந்தாள். போனுக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு விலாசத்தில் ஒரு தடவை கேட்டுப் பதில் வாங்கிவிட்டால், அதைத் தன்னிடமே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே விலாசத்தில் கேட்டால், எதற்கு வீணாக அவ்வளவு தூரம் போய்வருவானேன் என்று வைத்திருந்ததையே எடுத்து நீட்டிவிடும். கோயில் படம், ஊர் வரைபடம் இதற்கெல்லாம் அது நல்ல சுபாவம்தான். மணிக்கு மணி மாறுகிற பதிலுக்கு அது ஆகாது. ஆகவே அப்படிப்பட்ட பதிலை அனுப்பும்போதே, 'இதை வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து கேள்' என்று சர்வர் ஒரு வரி சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த வரிதான் இல்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை வெள்ளைத்துரை கீழத்தெருவுக்குத் தண்ணீர் திறந்தார். கீழத்தெருவின் போன்களில் எல்லாம் புதன்கிழமைப் பதில், 'கீழத்தெருவுக்கு இன்று இல்லை' என்று நின்றது. ஜனங்கள் பக்கத்தை நம்பிக் குழாயைத் திறக்காமல் தூங்கினார்கள். ஏழு மணிக்கு எழுந்து, விசேஷ வீடு இருக்கிறதே, ஒரு சொட்டு இல்லையே என்று நாற்பது வெறுங்குடத்தை வெள்ளைத்துரை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் திறந்தேன் என்றார் அவர். ஆளுக்கொரு போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவர் கூட்டத்தின் நடுவே மகளைத் தேடித் திரும்பிக் கேட்டார்:

"நீ சொல்லு தாயி. நான் தண்ணி தொறந்தேனா இல்லையா?"

ஆவுடை தன் போனைப் பார்த்தாள். அவள் போனும் புதன்கிழமையையே வைத்திருந்தது. படித்தவள், தான் செய்த பக்கத்தை நம்பாமல் யாரை நம்புவாள்? "பக்கத்துல இல்லைன்னுதான இருக்கு அப்பா" என்றாள்.

அவ்வளவுதான். வெள்ளைத்துரை குடங்களுக்கு நடுவே வழி பார்த்து உள்ளே போனார். அன்று சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்று, "அப்பா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார்.

அந்த வீட்டில் மன்னிப்பு என்ற சொல் புழங்கியதே கிடையாது. கோவமா என்று ஒருவர் கேட்க வேண்டும், இல்லை என்று மற்றவர் சொல்ல வேண்டும், உடனே சோறு போட்டுவிட வேண்டும், இதுதான் அவள் அம்மா காலத்திலிருந்து வழக்கம். இல்லை என்று வராதவரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வழி இல்லை. ஆகவே ஆவுடை மறுநாள் ஆறே காலுக்கு, அப்பா சைக்கிளை நிறுத்திச் சாவியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று அதே வார்த்தைகளில் கேட்டாள். "ஆமா" என்று காதில் விழுந்தது. அதற்கடுத்த நாளும் ஆமா. அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார், பிறகு குனிந்துகொள்வார். அவரும் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்புமுன் அவள் அறை வாசலில் சாவியை ஊன்றிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டுப் போவதை அவள் போர்வைக்குள்ளிருந்து பார்த்தாள். கோபத்தைக் காட்டத்தான் நிற்கிறார் என்று நினைத்தாள்.

நாற்பதாம் நாள் செயல் அலுவலர் அவளைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னார். அவள் சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தாள். யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று அது வரிவரியாக எழுதி வைத்திருக்கும். குடம் வந்த வியாழக்கிழமை காலை கீழத்தெருவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் குறிப்பேட்டில் வேறு தெருக்காரர்களின் பதினோரு கேள்விகள்தான் இருந்தன. கீழத்தெருக் கேள்விகள் வரவே இல்லை. அதற்கு மேலே, ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு, 'கீழத்தெரு திறந்தாச்சு' என்று வெள்ளைத்துரையின் மூட்டுத் தட்டல் அப்படியே கிடந்தது. அப்பாவைப் பொய்யராக்கியது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கே உட்கார முடியாமல் மூக்கையா டீக்கடைக்கு வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் வந்தார், வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார், திருப்தியாகத் தலையை ஆட்டினார், ஆறிப்போன வடையை எடுத்துக் கடித்து முகம் சுளித்தார்.

"சூடா இருக்கான்னு கேட்டேன், இப்பத்தான் போட்டேன்னு சொல்லுதாரு. தெனமும் இதே பொய்யி" என்றார் தபால்காரர்.

"அடப்பாவி, நீரு எங்கய்யா கேட்டீரு?" என்றார் மூக்கையா. "ஒரு மாசத்துக்கு மேல வாரீரு, ஊமை மாதிரி நிக்கீரு, தலைய ஆட்டுதீரு. நான் வாயத் தொறந்தே நாளாச்சு."

ஆவுடை டீயைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, வேற மாதிரி கேளுங்க. கடைசில மணிய சேத்துக் கேளுங்க" என்றாள் தபால்காரரிடம்.

தபால்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வடை சூடா இருக்கா, மணி பத்து நாப்பது?"

"காலையில போட்டதுய்யா, கல்லு மாதிரி கெடக்கு" என்றார் மூக்கையா, கேள்வி வந்து சேர்ந்த சந்தோஷத்தில் கையிலிருந்த பாலைக் கொட்டிக்கொண்டு.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். பக்கத்தின் விலாசத்தின் கடைசியில் ஆவுடை அந்தந்த நேரத்தைச் சேர்த்தாள். நேரம் மாற மாற விலாசம் மாறியது, புது விலாசத்துக்கு வைத்திருந்த பதில் இல்லாததால் போன் வேறு வழியின்றி சர்வர் வரைக்கும் நடந்து போய்க் கேட்டு வந்தது. ஊர் ஜனங்கள் அதையே வாயால் செய்தார்கள். நல்லா இருக்கியளா மணி ஏழு அஞ்சு, என்றார்கள். சாப்டாச்சா மணி ஒண்ணரை, என்றார்கள். சித்திரை முடியுமுன் அது மரியாதையாகவே ஆகிவிட்டது, மணி சேர்க்காமல் கேட்கிறவனை, பதிலில் அக்கறை இல்லாதவன் என்று ஒதுக்கினார்கள். கடிகாரம் பழுதுபார்க்கிற சாகுல் கடையில் கூட்டம் நெரிந்தது. கடிகாரம் இல்லாதவர்கள் கண்ணில் பட்டதைச் சேர்த்துக்கொண்டார்கள், மதிலில் ரெண்டு காக்கா, மேற்கே ஒரு மேகம், நீங்க கட்டியிருக்கது பச்சைச் சேலை என்று. பொண்ணுக்குச் சம்மதமா, வைகாசி பன்னிரண்டு, வாசலில் நாலு செருப்பு, என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், அந்தப் பெண்ணும் ஆயுசில் முதல்தடவையாக யோசித்து, இல்லை என்று சொன்னாள். அருணாசலம் அடுத்த வாய்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பால்ராஜுக்கு மீன் குழம்பு கிடைத்தது.

ஆனாலும் ஒரு கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் வால் தேடுவது எத்தனை நாளைக்கு ஓடும்? அது கேட்கிறவன் தலையில் பாரத்தைப் போடுகிற வழி. பதில் சொல்கிறவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று ஆவுடை பேரூராட்சிக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். தான் மறந்திருந்த அந்த வரியைப் பக்கத்தில் சேர்த்துவிட்டதாகவும், அதையே ஊரும் பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து ஆனைக்கிணற்றில் பதிலோடு ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்கிற பழக்கம் வந்தது: "முட்டுவலி கொஞ்சம் கம்மி, இத வச்சுக்கிடாதிய." "சாவி அவன்கிட்ட இருக்கு, இத வச்சுக்கிடாத." அப்படிச் சொன்ன பதில் காதில் தங்காது. முன்னமே தங்கிவிட்ட பதிலை மட்டும் யாராலும் பிடுங்க முடியாது, அது அந்தந்தக் காதோடு கிடக்க வேண்டியதுதான். ஒரு நாத்திகர் இதெல்லாம் என்ன காரணத்தால் என்று கேட்டார். கேட்டபோது மணி சேர்க்க மறந்துவிட்டார், ஆகவே அவருக்கு அவருடைய பழைய பதிலே கிடைத்தது.

கூட்டத்தில் ஜெயக்கனி மட்டும் கையைத் தூக்கினாள். மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவள், ஆவுடையோடு ஒரே பெஞ்சில் படித்தவள், புருஷன் சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டான். "நான் ஒரு கேள்விக்கு மணி சேக்க மாட்டேன்" என்றாள். சாயங்காலம் நாலரைக்கு மிஷினை நிறுத்திவிட்டுப் பின்கட்டைப் பார்த்து, டீ போடட்டுமா என்று அவள் கேட்பாளாம், அரை கிளாஸ் போதும் என்று அவன் குரல் வருமாம். மாசியில் அவன் சொன்ன பதில். செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் யாரும் டீ போடட்டுமா என்று கேட்பதில்லை, டீ குடிக்கிறியளா என்றுதான் கேட்பார்கள்.

ஊருக்கே வழி சொன்ன ஆவுடை, வீட்டில் மட்டும் ஆறே காலுக்கு வந்து நின்று, மணி சேர்க்காமல், "அப்பா, எம்மேல கோவமா?" என்று பழையபடியே கேட்டாள். ஆமா என்று வந்தது. அது மாசி மாதத்து ஆமா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அந்த ஆமா பழகிய ஆமா, அதன் கனம் அவளுக்குத் தெரியும், அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகலாம், வரலாம். புதிதாகக் கேட்டால் புதிதாக வருவது என்னவாக இருக்கும்? பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று நாலு மாதம் ஊறிய கோபம் ஆமாவோடு நிற்குமா? எனக்கு மகளே இல்லை என்று வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் ஜெயக்கனி கடையில் ஜாக்கெட் வாங்கப் போனபோது இதை வாய்விட்டுச் சொன்னாள். ஜெயக்கனி கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"என்னைப் பாத்து நீயும் செய்யுதியாக்கும்?"

"அப்படி இல்லட்டி."

"அப்படித்தான். எனக்கு அந்தப் பக்கம் ஆள் இல்ல ஆவுடை. நான் எத்தனை மணியச் சேத்தாலும் புதுசா ஒண்ணும் வராது, அதனால பழசப் பிடிச்சிட்டு இருக்கேன். உங்கய்யா உசுரோட சைக்கிள் மிதிச்சிட்டுப் போறாரு, வாராரு. கொழுப்பெடுத்துப் போய் நீ பழசக் கேட்டுட்டு இருக்க." ஜாக்கெட்டை அவள் மடியில் எறிந்தாள். "போ. மூஞ்சியப் பாக்கவே எரிச்சலா வருது."

மறுநாள் விடியலில் ஆவுடை விழித்தே கிடந்தாள். ஐந்து மணிக்கு அப்பா வாசலில் சாவியை ஊன்றி நின்றார், ஒரு நிமிஷம் சும்மா இருந்தார், போனார். அவள் எழுந்து முகம் கழுவி முற்றத்தில் காத்திருந்தாள். சைக்கிள் வந்தது. அவர் சாவியை இறக்கிக் குழாயடியில் சாய்த்து, கிரீசைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, எம்மேல கோவமா, மணி ஆறு பதினாறு?"

வெள்ளைத்துரையின் கையிலிருந்து துணி விழுந்தது.

"நாலு மாசம் ஆச்சு கேக்க" என்றார். "தெனமும் வந்து நிக்க. வாயத் தொறக்காம போற. என்ன மக இதுன்னு நினைச்சிட்டேன்."

"தெனமும் கேட்டேன் அப்பா. எனக்கு ஆமான்னுதான் வந்துச்சு."

"நான் ஒரு தடவைதானட்டி சொன்னேன்."

"இப்போ?"

அவர் யோசித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர், இருபத்திரண்டு வருஷமாக இல்லை. "ஆமா, கோவந்தான்" என்றார். பிறகு, ஊரெல்லாம் சொல்கிற, அவர் மட்டும் அதுவரை மகளிடம் சொல்லாத அந்த வார்த்தையைச் சேர்த்தார். "ஆனா இத வச்சுக்கிடாத. நாளைக்கு வந்து புதுசா கேளு."

ஆவுடைக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவும் இல்லை. அதே ஆமாதான், அதே குரல்தான், ஆனால் நாளைக்கு வா என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிற ஆமா.

"நானும் தெனமும் கேட்டேன்" என்றார் அவர், சாவியைப் பார்த்துக்கொண்டு. "விடியக்காலம் உன் ரூம் வாசல்ல நின்னு. அன்னைக்குக் கேட்டத அப்படியே. நீயும் அன்னைக்குச் சொன்னதையேதான் சொன்ன."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, சாவியை ஊன்றிக்கொண்டு அவர் நின்ற அந்த ஒரு நிமிஷம். ஊருக்கே சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் அறை வாசலில் நின்ற கேள்வி தெரியவில்லை. "மணி சேத்துக் கேக்கலாமில்லா அப்பா?"

"கேட்ட கேள்விய மாத்தினா கெஞ்சுன மாதிரில்லா இருக்கும்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தார். நாற்பது குடங்களுக்கு நடுவே நின்று கேட்ட அதே குரலில் கேட்டார். "நீ சொல்லு தாயி. நான் தண்ணி தொறந்தேனா இல்லையா, மணி ஆறு பதினெட்டு?"

"தொறந்திய அப்பா" என்றாள் ஆவுடை. "அஞ்சு பத்துக்குத் தொறந்திய. எம்பக்கந்தான் பொய் சொல்லிச்சு, அத எழுதுனது நான். தப்பு என்னோடது." மூச்சு வாங்கிக்கொண்டாள். அந்த ஊரில் அப்போது யாரும் சொல்லாததை அவள் சொன்னாள். "இத வச்சுக்கிடுங்க. இது மாறாது."

வெள்ளைத்துரை தலையை ஆட்டினார். சோறு போடச் சொன்னார், கோபத்தோடேயே உட்கார்ந்து மூன்று தோசை தின்றார்.

மறுநாள் ஆறு இருபதுக்கு அவள் கேட்டபோது கொஞ்சம் கம்மி என்றார், அதையும் வைத்துக்கொள்ளாதே என்றார். ஆடியில் ஒரு நாள் இல்லை என்றார், மறுநாளே தோசை கருகியதற்காக மறுபடி ஆமா என்றார். அவள் தினமும் புதிதாகக் கேட்டாள், அவர் தினமும் புதிதாகச் சொன்னார், எந்தப் பதிலும் யாருடைய காதிலும் தங்கவில்லை.

அவர் மகளிடம் வாங்கிய அந்த ஒரு பதில் மட்டும் அவர் காதில் தங்கியது. விடியலில் சாவியைச் சுமந்துகொண்டு போகிற வெள்ளைத்துரை, ஒவ்வொரு வால்வடியிலும் குனியுமுன் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார், தொறந்திய அப்பா என்று காதில் விழுந்ததும் குனிவார். என்னத்தக் கேக்கீரு என்று கீழத்தெருக்காரர்கள் விசாரித்தால், மகளிடம் ஒன்று கேட்டேன், மணி ஆறு பதினெட்டு, என்பார். அப்போது மணி ஐந்து பத்துதான் ஆகியிருக்கும். ஆகவே வெள்ளைத்துரையின் கடிகாரம் நின்றுபோய்விட்டது என்று சாகுலிடம் போய்ச் சொன்னார்கள்.